ஊர்ப்பெயர் மீட்பும் ஊர் மீட்பும்

1996-ஆம் ஆண்டில், தமிழ்நாட்டுத் தலைநகர்க்கு ஆங்கிலத்தில் வழங்கிவந்த 'மெட்ராசு' என்னும் பெயர் அரசாணையால் நீக்கப்பட்டது. அன்று தொட்டு எம்மொழியில் எழுதினும் அந்நகர்க்குச் சென்னை என்பதே பெயர். தொடர்வண்டிச் சீட்டிலும் வானூர்தி நிலையத்து அறிவிப்பிலும் அயல்நாட்டு மடல்களிலும் அப்பெயர் இன்று நிலைபெற்றுவிட்டது. அன்று முணுமுணுத்தவர்களும் இன்று அதனையே சொல்கின்றனர். உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கால் இன்னும் பழைய பெயரை விடாது பற்றிக்கொண்டுள்ளன. அஃது ஒரு குறையே. ஆனால், அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. பெயர் மீண்ட அந்நகரில், பெயரோடு சேர்ந்து மீண்டது வேறு யாது என்னும் வினாவை இம்முப்பதாண்டில் எழுப்பினோர் மிகச் சிலரே.

ஊர்ப்பெயரை மாற்றுவதால் ஏழையின் வயிறு நிறையுமா என்று கேட்பவர்கள் எக்காலத்தும் உளர். வயிற்றைக் காட்டிப் பேசும் இவர்கட்கு, தம் வயிற்றை வெறுமையாக்கிக் கொண்டே பெயர் கேட்ட ஒருவரை நினைவூட்டுதல் வேண்டும். 'மெட்ராசு மாநிலம்' என்பதனைத் 'தமிழ்நாடு' என மாற்றல் வேண்டும் என்பது உள்ளிட்ட வேண்டுகைகளை முன்வைத்துச் சங்கரலிங்கனார் 1956 சூலை 27-ஆம் நாள் விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கினார். அக்டோபர் 13-ஆம் நாள் உயிர்நீத்தார். அவர் கேட்ட பெயர் 1967 சூலை 18-ஆம் நாள் அறிஞர் அண்ணாவின் ஆட்சியில் சட்டமன்றத் தீர்மானமாகி, 1969 சனவரி 14-இல் நடைமுறைக்கு வந்தது. பெயர் சோறிடாது என்பது அம்முதியவர்க்குத் தெரியாததன்று. தன் வீட்டுக்குத் தான் இட்ட பெயரைச் சொல்லவியலாதவன் அவ்வீட்டில் குடிக்கூலிக்கு இருப்பவனே என்பதும் அவர்க்குத் தெரிந்திருந்தது.

சென்னை என்னும் பெயரே தமிழன்று என்பாரும் உளர். 1639-இல் ஆங்கில வணிகக் குழுவினர்க்குக் கடலோர மணல்நிலத்தை அளித்த தெலுங்கு நாயக்கத் தலைவர் வேங்கடப்பர், தம் தந்தை சென்னப்பர் பெயர் விளங்க வேண்டினார் என்பதும், அதனால் அது சென்னப்பட்டினம் ஆயிற்று என்பதும் வரலாற்று நூல்கள் கூறுவன. இதனை மறைக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. மூன்றரை நூற்றாண்டாகத் தமிழர் வாயிற் பயின்று பண்பட்ட பெயர் அது. ஆனால், கோட்டை கட்டிய அன்றுதான் அந்நகர் பிறந்தது என்று கொள்வதே பிழை. தேவாரப் பாடல் பெற்ற மயிலையும் ஒற்றியூரும், பல்லவர் காலக் கல்வெட்டுடைய திருவல்லிக்கேணியும், கோட்டைக்குப் பன்னூறாண்டு முற்பட்ட ஊர்கள். வெள்ளைக்காரன் நகரமைத்தான் என்பதனினும், ஏற்கெனவே இருந்த ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாக வளைத்துத் தன் கோட்டையோடு சேர்த்துக்கொண்டான் என்பதே உண்மை. ஆகவே, சென்னையின் தமிழடையாளம் 'சென்னை' என்னும் ஒரு சொல்லில் இல்லை; அதனுள் அடங்கிய நூற்றுக்கணக்கான சிற்றூர்களின் பெயர்களில் உள்ளது.

அப்பெயர்களைச் சற்றே பிரித்துப் பார்க்கட்டும். அல்லி பூத்த கேணியால் அல்லிக்கேணி. புரசமரம் நின்ற பாக்கம் புரசைவாக்கம். வேம்பு சூழ்ந்த ஏரி வேப்பேரி. ஈஞ்சமரம் செறிந்தது ஈஞ்சம்பாக்கம். மேடான நிலம் பெரியமேடு. ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல் என்பவற்றின் ஈற்றில் நிற்கும் 'தாங்கல்' என்பது, மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சிறிய ஏரி. தெற்கே சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் இதுவே 'ஏந்தல்' என வழங்கும். அங்கு 'ஏந்தல்' என முடியும் ஊர்கள் எண்ணற்றன. ஏரி, குளம், கேணி, ஊருணி, கண்மாய், தாங்கல், ஏந்தல், துறை என நீர்நிலைக்கு இத்தனைப் பெயர் வைத்த ஓரினம், ஒவ்வொன்றின் அளவையும் பயனையும் வேறுபிரித்து அறிந்திருந்தது என்பதற்கு இவ்வூர்ப்பெயர்களே சான்று. நிலவரைபடம் என ஒன்று வருமுன்னரே, எங்கு நீர் நிற்கும், எங்கு வீடு கட்டலாம் என்பதை ஊரின் பெயரே சொல்லிற்று. பேராசிரியர் இரா.பி. சேதுப்பிள்ளை 'தமிழகம் ஊரும் பேரும்' என ஒரு நூலே எழுதியதன் பெருமை இதனை எண்ணும்போதுதான் விளங்கும்.

இத்தகைய பெயர்கள் எவ்வாறு அழிந்தன? எல்லாம் ஒரே வழியில் அழியவில்லை.

முதற்கண் நேர்ந்தது மொழிபெயர்ப்பு. காவிரியில் மயில்கள் ஆடிய துறை மயிலாடுதுறை. அது 'மாயூரம்' ஆக்கப்பட்டது. பின்னர் 'மாயவரம்' எனத் திரிந்தது. துறையும் போயிற்று, ஆட்டமும் போயிற்று. பழமையான குன்றாகிய முதுகுன்றம் 'விருத்தாசலம்' ஆயிற்று. மறைக்காடு 'வேதாரணியம்' ஆயிற்று. வெண்காடு 'சுவேதாரணியம்' எனவும், அண்ணாமலை 'அருணாசலம்' எனவும் வழங்கலாயின. இவற்றுள் எதுவும் நாப்பிழையால் நேர்ந்ததன்று. பொருளறிந்தே, சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்த வேலை இது. இதனால் விளைந்த கேடு பெயரளவில் நின்றிருந்தால் பொறுக்கலாம். பெயர்த்து வைத்த பின்னர் வடமொழிப் பெயரே மூலம் என்றும் தமிழ்ப்பெயர் அதன் மொழிபெயர்ப்பு என்றும் கதை கட்டப்படுகிறது, அக்கதை தலபுராணமாகிறது, தலபுராணம் வரலாறாகிறது. சென்னையில் உள்ள மாம்பலத்தையே 'மகாவில்வம்' என்பதன் திரிபு எனக் கூறும் கதை உண்டெனில், வேறு என்ன சொல்வது! மாவும் பலாவும் கண்ணுக்குத் தெரியாதவர்க்கு வில்வம் மட்டும் தெரிகிறது.

இதே கருவி ஈழத்தில் படைத்துணையோடு கையாளப்பட்டதைத் தமிழர் மறத்தல் ஆகாது. முல்லைத்தீவு, வவுனியா, திருகோணமலை மாவட்டங்கள் கூடும் இடத்தில் அமைந்த மணலாறு, வடக்குத் தமிழ்நிலத்தையும் கிழக்குத் தமிழ்நிலத்தையும் இணைக்கும் பகுதி. 1984-இல் அங்கிருந்த தமிழ்க்குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. சிங்களக் குடியேற்றங்கள் எழுந்தன. 1988-இல் அப்பகுதிக்கு 'வெலி ஓயா' என்னும் பெயர் அரசாணையால் சூட்டப்பட்டது. சிங்களத்தில் 'வெலி' என்றால் மணல். 'ஓயா' என்றால் ஆறு. மணலாறுதான் வெலி ஓயா! முதுகுன்றத்தை விருத்தாசலமாக்கிய அதே சூழ்ச்சி. பட்டிப்பளை ஆற்றை மறித்து 1949-இல் தொடங்கிய பெருந்திட்டம் 'கல் ஓயா' என்னும் பெயரிலேயே நடந்தது. ஆற்றின் தமிழ்ப்பெயர் இன்று முதியோர் நினைவிலும் சில நூல்களிலும் மட்டுமே உள்ளது. நிலத்தைக் கவர்வோன் முதலில் ஆளை அகற்றுகிறான். அடுத்துப் பெயரை அகற்றுகிறான். ஆள் திரும்பி வந்து 'இது என் ஊர்' என்று சொல்ல வாய் திறக்குங்கால், அவன் சொல்லும் ஊர் எந்த ஏட்டிலும் இராது.

ஆங்கிலேயன் செய்தது வேறு வகை. தூத்துக்குடியை 'டூட்டிகோரின்' என்றான். திருவல்லிக்கேணியை 'டிரிப்ளிக்கேன்' என்றான். எழும்பூரை 'எக்மோர்' என்றான். அவன் நாவுக்கு வராததை அவன் சிதைத்தான். அச்சிதைவில் இகழ்ச்சி இருந்தது. எனினும், ஊரின் மூலப்பெயர் தன்னுடையது என்று அவன் உரிமை கொண்டாடவில்லை. ஆகவே அக்கேட்டைத் துடைப்பது எளிது. எளிதாயிருந்தும் அவன் போய்ப் பன்னெடுங்காலம் கழிந்தும் துடைக்கப்படாமல் கிடப்பதற்கு, அவன் மேல் பழிபோட இயலாது.

இனி மூன்றாவது வகைக்கு வரவேண்டும். இது தமிழர் தம் கையாலேயே செய்துகொண்டது. இதனைப் பேசத்தான் பலர்க்கும் மனம் வருவதில்லை.

நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு நீண்ட ஏரி கிடந்தது. ஆங்கிலேயர் அதனை 'நெடிய ஏரி' என்றே தம் மொழியில் குறித்தனர். 1920-களில் மாம்பலத்துப் பகுதியில் அவ்வேரி வடிக்கப்பட்டு, வீட்டுமனைகளாக்கப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பெயரால் அது தியாகராயர் நகர் ஆயிற்று. பனகல் பூங்கா, உசுமான் சாலை என அக்கட்சித் தலைவர்கள் பெயர்களும் அங்கே இடம்பெற்றன. பார்ப்பனரல்லாதார் எழுச்சிக்குத் தோள்கொடுத்த பெருமக்களை நினைவுகூர்ந்தது தக்கதே. ஆனால் விளைந்தது யாது? இன்று அந்நகர்க்குச் செல்லும் இளைஞன் 'டி.நகர்' என்கிறான். எந்த 'டி' என்று கேட்டால் விழிக்கிறான். தலைவரைப் பெருமைப்படுத்த ஏரியின் பெயரை விட்டனர்; பின்னர் ஆங்கில எழுத்தொன்றுக்காகத் தலைவரின் பெயரையும் விட்டனர். கலைஞர் கருணாநிதி நகர் 'கே.கே.நகர்' ஆனதும் இவ்வாறே. ஏரியும் இல்லை, பெயரும் இல்லை. இரண்டு எழுத்தும் ஒரு புள்ளியும் எஞ்சின.

நுங்கம்பாக்கத்து ஏரியின் கதையும் இதுவே. அங்கே ஏரிக்கரைச் சாலை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு ஒரு தெரு இன்றும் உள்ளது. கரையும் இல்லை, ஏரியும் இல்லை. ஏரி இருந்த நிலத்தில்தான் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த புலவர்க்கு நீர்நிலத்தின் மேல் மண்டபம்! கட்டியவர்களின் தமிழுணர்வில் ஐயமில்லை. ஆனால் தமிழுணர்வு கல்லில் நின்றுவிட்டது, நீர் வரை செல்லவில்லை. மேற்கு மாம்பலத்தில் 'ஏரிக்காட்சிச் சாலை' என்னும் பொருளில் ஆங்கிலப் பெயருடைய தெரு ஒன்று உண்டு. அங்கு நின்று எந்த ஏரியைக் காண்பது?

ஏரி அங்கிருந்ததை மழை மறக்கவில்லை. 2015 திசம்பரில் அடையாற்றங்கரை ஊர்களும் வேளச்சேரியும் முடிச்சூரும் நீரில் மூழ்கின. மக்கள் படகேறித் தப்பினர். 2021 நவம்பரில் தியாகராயர் நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் நீர் தேங்கி நின்றது. வடிகால் சரியில்லை என்றனர், தூர்வாரவில்லை என்றனர், அவையும் உண்மையே. ஆயினும் நீர் தன் பழைய வீட்டுக்கே திரும்பி வந்தது என்பதை உரக்கச் சொன்னோர் சிலரே. 'மாம்பலத்து ஏரி' என்னும் பெயர் அத்தெருக்களில் நூறாண்டாக எழுதப்பட்டிருந்தால், அங்கு மனை வாங்குவோனும், கட்டடத்துக்கு இசைவளிக்கும் அலுவலனும், அடித்தளத்தில் வண்டி நிறுத்தகம் தோண்டும் ஒப்பந்தக்காரனும் ஒரு முறையாவது தயங்கியிருக்கமாட்டார்களா? தயங்காமலும் இருந்திருக்கலாம், பணத்தின் முன் பலகை எம்மாத்திரம் என்று சொல்வாரும் உண்டு. ஆனால் தெரியாது என்று சொல்லித் தப்ப அவர்களால் இயன்றிராது.

தலைவர் பெயர் வைப்பதில் உள்ள இடர்ப்பாட்டைத் தமிழ்நாடு ஒரு முறை குருதி சிந்தியே கற்றது. மாவட்டங்கட்கும் போக்குவரத்துக் கழகங்கட்கும் தலைவர்கள் பெயரிடும் வழக்கம் பெருகி, தூத்துக்குடி சிதம்பரனார் மாவட்டம் எனவும், ஈரோடு பெரியார் மாவட்டம் எனவும், திண்டுக்கல் அண்ணா மாவட்டம் எனவும், விருதுநகர் காமராசர் மாவட்டம் எனவும் வழங்கின. 1997-இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அமைக்கப்பட்டபோது தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. வெள்ளையனை எதிர்த்து மடிந்த மறவீரன் ஒருவன் பெயர், அவன் பிறந்த குலத்தைக் காட்டி மறுக்கப்பட்டது தமிழினத்துக்கு நேர்ந்த தலைக்குனிவு. முடிவில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் தலைவர் பெயர்களை நீக்கிவிட்டது. சாதிவெறிக்கு அஞ்சி எடுத்த முடிவு என்பதால் அதனைப் பாராட்ட மனம் வாராது. ஆனால் நீக்கியபின் எஞ்சி நின்றவை யாவை? தூத்துக்குடி, ஈரோடு, திண்டுக்கல் என்னும் ஊர்ப்பெயர்களே. அவற்றின்மேல் எச்சாதியும் உரிமை கொண்டாடவில்லை. எக்கட்சியும் கொடி நாட்டவில்லை.

இவ்வளவு கண்டபின்னும் பழைய வழக்கம் ஓயவில்லை. 2019-இல் சென்னை நடுவண் தொடர்வண்டி நிலையத்துக்குப் புரட்சித்தலைவர் முனைவர் ம.கோ. இராமச்சந்திரன் பெயர் முழு நீளத்தில் சூட்டப்பட்டது. அதனை முழுமையாகச் சொல்லும் பயணி ஒருவரையேனும் காட்டவியலுமா? மக்கள் வாயில் அது 'செண்ட்ரல்' தான். அதே இராமச்சந்திரனார் ஆட்சியில்தான் 1982-இல் மாயூரம் மீண்டும் மயிலாடுதுறை ஆயிற்று என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். நிலையத்தின் நெற்றியில் ஒட்டிய பெயரைக் காட்டிலும் அவ்வோர் ஆணை அவர் பெயரை நெடுங்காலம் காக்கும். முதியோர் சிலர் இன்னும் 'மாயவரம்' என்று சொன்னாலும், பள்ளிப் பிள்ளைகளுக்கு மயிலாடுதுறை என்பதே ஊர். 2020-இல் தனி மாவட்டமானபோதும் அப்பெயரே தலைப்பெயராக நின்றது. ஒரு தலைமுறை போதும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

2020-ஆம் ஆண்டிலேயே மற்றொன்றும் நிகழ்ந்தது. தமிழ்நாட்டின் 1018 ஊர்களின் பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என அரசு ஆணை வெளியிட்டது. கொள்கை சரியே. ஆனால் எழுத்துப் பெயர்ப்பில் ஒழுங்கில்லை. வேலூரை 'வீலூர்' எனப் படிக்குமாறு எழுதினர். கோயம்புத்தூர்க்கு எழுத்துகளை அடுக்கிக்கொண்டே போயினர். ஊரெல்லாம் நகைத்தது. சில நாள்களுக்குள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. எழுத்தைத் திருத்துவதற்கு மாற்றாக முயற்சியையே விட்டுவிட்டனர். மொழியறிஞர் நால்வரைச் சில நாள் உட்காரவைத்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய சிக்கல் அது. நகைப்புக்கு அஞ்சிக் கைவிட்ட அம்முயற்சியை மீண்டும் எடுப்பதில் இழுக்கொன்றுமில்லை.

ஆனால் இன்று ஊர்ப்பெயர்க்குப் பெரும்பகை அரசும் அன்று, வடமொழியும் அன்று, மனை விற்போனே. சென்னை, கோவை, திருச்சி எங்கணும் புறநகரில் வயலை மேடாக்கி மனைப்பிரிவு போடுகிறான். அதற்குப் பூங்கா நகரம், ஏரிக்காட்சி, பசுமைச்சோலை என்றெல்லாம் பொருள்படும் ஆங்கிலப் பெயர்களை வைக்கிறான். எதை அழித்தானோ அதன் பெயரையே ஆங்கிலத்தில் வைக்கிறான் என்பதுதான் வேடிக்கை. பத்தாண்டில் அஞ்சல் முகவரி அதுவாகிறது. பேருந்து நிறுத்தமும் அதுவாகிறது. அடுத்த தலைமுறைக்கு அவ்விடத்தின் தாங்கல் பெயரோ ஏந்தல் பெயரோ தெரியாது. வருவாய்த்துறை ஏடுகளில் மட்டும் அப்பெயர் உறங்கிக் கிடக்கும். வழக்கு வந்தால் விழிக்கும்.

இதனைத் தடுக்கப் புதுச்சட்டம் பல வேண்டா. மனைப்பிரிவுக்கு இசைவு வழங்கும் அலுவலகம், வருவாய் ஏட்டிலுள்ள சிற்றூர்ப் பெயர் முதலில் வாராத எந்தப் பெயரையும் ஏற்கலாகாது என ஒரு விதி செய்தால் போதும். ஏரி வடித்துக் குடியேறிய பகுதிகளில் தெருப்பலகையின் அடியில் அவ்வேரியின் பெயரையும் அது வடிக்கப்பட்ட ஆண்டையும் ஒரு வரியில் எழுதுவதற்கு மாநகராட்சிக்குப் பெருஞ்செலவு ஆகாது. 'டி.நகர்' என்று பேருந்தில் எழுதுவதை நிறுத்தித் 'தியாகராயர் நகர் – மாம்பலம்' என எழுதினால், தலைவரும் நிலமும் ஒருங்கே நினைவில் நிற்பர். பள்ளிகளில் ஒவ்வொரு மாணவனும் தன் ஊரின் பெயர்க்காரணத்தைத் தன் பாட்டனிடம் கேட்டு எழுதி வரச்சொல்வதற்கு ஆசிரியர்கட்கு யார் ஆணையும் தேவையில்லை.

இனி அரசிதழில் மீட்க வேண்டியவற்றுள் முதலில் நிற்பது முதுகுன்றம். தேவாரம் அறிந்த பெயர் அது. ஊரோடு ஓடும் ஆற்றுக்கும் மணிமுத்தாறு என்னும் அழகிய பெயர் இருக்க, 'மணிமுக்தா நதி' என அதனையும் வடமொழிப்படுத்தி எழுதும் வழக்கம் பரவிவிட்டது. மயிலாடுதுறைக்கு 1982-இல் இயன்றது, முதுகுன்றத்துக்கு இன்றுவரை இயலாதிருப்பதற்கு எந்த அரசும் காரணம் சொன்னதில்லை. கேட்பார் இல்லாமையால் சொல்லவில்லை. அவ்வூரின் நகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்பட்டும். அத்தீர்மானத்தில் குன்றின் பெயரோடு ஆற்றின் பெயரும் இடம்பெறட்டும்; ஆற்றின் கரையில் கொட்டப்படும் குப்பையை அகற்றும் நாளும் அதில் குறிக்கப்படட்டும்.